ஏற்றத்தாழ்வு குறைந்திருப்பதாகப் புள்ளிவிவரம் சொல்கிறது. மலேசிய மக்களுக்கு ஏன் அப்படித் தோன்றவில்லை?

கணக்கு பொய்யில்லை. வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினி குறியீடு இங்கே 1970-இல் 0.513, 2022-இல் 0.404. பூஜ்ஜியம் என்றால் எல்லாருக்கும் ஒரே வருமானம், ஒன்று என்றால் மொத்தமும் ஒருவர் கையில். இது பெரிய இறக்கம்தான். ஆனால் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் யாரைக் கேட்டாலும், "முன்னாடி இப்படி இல்லீங்க, இப்பதான் பணக்காரன் எங்கேயோ போயிட்டான்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

நான் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்ட மேலாளரை நாங்கள் துரை என்போம். துரை பங்களா மேட்டில் இருந்தது, எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் வேலிதான். அவருக்கு என்ன சம்பளம், உள்ளே எத்தனை அறை, யாருக்குத் தெரியும்? தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வீடு, விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டு, ஏறக்குறைய ஒரே கூலி. யார் வீட்டில் முதலில் டிவி வாங்கினார்கள் என்பதுதான் அன்றைய ஏற்றத்தாழ்வு. அந்தக் காலத்தில்தான், 1976-இல், ஜினி 0.557 வரை போயிருந்தது. இடைவெளி அவ்வளவு பெரிதாக இருந்தும் எங்கள் கண்ணில் படவே இல்லை.

தோட்டம் கைமாறிய பிறகு கோலாலம்பூர் வந்தோம். இப்போது ஏழாவது மாடி நடைபாதையில் நின்றாலே எதிரே கொண்டோமினியம், அதன் நீச்சல் குளம்கூடத் தெரியும். என் தங்கை அங்கே துப்புரவு வேலை செய்கிறாள், கெட்டுப்போகாத பொருளை எந்த வீட்டில் தூக்கிப் போட்டார்கள் என்று வந்து சொல்வாள். போதாததற்குக் கையில் போன் வேறு. இதையெல்லாம் தினமும் பார்ப்பவரிடம் போய் ஜினி குறைந்துவிட்டது என்றால் எப்படி நம்புவார்?

இன்னொன்று, குறியீடு விகிதத்தைத்தான் பார்க்கிறது, மனுஷன் வெள்ளியை, அதாவது ரிங்கிட்டைப் பார்க்கிறான். 2,000 வெள்ளி வாங்குபவருக்கும் 20,000 வாங்குபவருக்கும் பத்து விழுக்காடு கூட்டினால் விகிதம் அப்படியே இருக்கும், ஆனால் 18,000 ஆக இருந்த இடைவெளி 19,800 ஆகிவிடும்.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-இல் ஒரு உதாரணம் சொன்னார். சுரங்கப்பாதைக்குள் ஒரே திசையில் போகும் இரண்டு தடங்களும் நெரிசலில் நிற்கின்றன. பக்கத்துத் தடம் நகர ஆரம்பித்ததும் முதலில் நமக்கும் சந்தோஷம், அடுத்து நாம்தான் என்று. நம் தடம் மட்டும் அசையவே இல்லையென்றால், அதே சந்தோஷம் கோபமாகிவிடும். காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மாட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒருவரின் மகன் டாக்டருக்குப் படிக்கப் போனபோது லயமே கோயிலில் பொங்கல் வைத்தது. இன்று அப்படி ஒரு செய்தி வந்தால் எங்கள் மாடியில் "அவங்களுக்கு வசதி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ரொம்ப நாளாக நகராத தடத்தில் நிற்கிறார்கள்.

அரசாங்கத்தின் எண்ணும் நம்பிக்கையைக் கெடுத்தது. 2016-இல் வறுமை 0.4 விழுக்காடுதான் என்றார்கள், ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்ற வறுமைக் கோட்டை வைத்து. 2019-இல் ஐநா சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் வந்து, இந்தக் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் அந்த வறுமைக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தியதும் 2019-க்கான வறுமை 5.6 விழுக்காடாகத் தெரிந்தது.

ஒருவர் வருமானத்தில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதும் வெளியே தெரிவதில்லை. எங்கள் மாடியில் எல்லாரும் தங்களை "நடுத்தரம்" என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். 2021 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில், உதவி தேவைப்பட்டவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டினார்களே, எங்கள் மாடியில் முதல் கொடி கட்டியது நாங்கள் எல்லாரும் வசதியானவர்கள் என்று நினைத்திருந்த வீடு, கீழே அவர்களுடைய கார் நின்றுகொண்டிருந்தது.