1972-ல் அப்பாவுக்கு என்ன வயது?

கேள்வி: என் அப்பாவை ஊரே 'சலங்கை' என்றுதான் கூப்பிடும். தாத்தா செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை வைக்கும் வேலை பார்த்தார். ராத்திரி வீடு திரும்பும்போது பையில் சலங்கை குலுங்கும். அந்தச் சத்தத்தை வைத்துத் தெருப்பிள்ளைகள் வைத்த பெயர் பிறகு அப்பாவுக்கும் ஒட்டிக்கொண்டது. ஏற்காடு அடிவாரத்தில் உள்ள 68 சென்ட் காட்டுக்கு 1972-ல் 'சலங்கையன்' என்ற பெயரில் கிரயப் பத்திரம் இருக்கிறது. பட்டாவும் அதே பெயரில்தான். அப்பா 2019-ல் 58 வயதில் காலமானார். இறப்புச் சான்றில் அவருடைய சரியான பெயர் உள்ளது. 40 வருடமாக நாங்கள்தான் உழுகிறோம். இப்போது சித்தப்பா, "அது தாத்தா வாங்கிய சொத்து, பாதி கொடு" என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் அவர் மகன் "வாடா சலங்கை பேரா" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தான். அப்பாவும் சலங்கையனும் ஒருவரே என்று எப்படி நிரூபிப்பது? மானநஷ்ட வழக்கும் போடலாமா? (நான்கு பக்கக் கடிதம், சுருக்கப்பட்டுள்ளது.)
– வாசகர், சேலம்

பதில்: மானநஷ்ட வழக்கை மறந்துவிடுங்கள். அந்தப் பையன் சொன்னதை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'சலங்கை மகனே' என்று அவன் சொல்லவில்லை, 'சலங்கை பேரா' என்றான். அதாவது சலங்கை என்பது உங்கள் தாத்தா என்கிறான். அந்த வார்த்தையை நீங்களாகவே மனுவில் எழுதிக் கோர்ட்டில் கொடுத்தால் சித்தப்பாவின் வக்கீல் உங்களுக்கு நன்றி சொல்வார்.

கணக்குக்கு வருவோம். 2019-ல் 58 வயது என்றால் உங்கள் அப்பா பிறந்தது 1961 வாக்கில். 1972-ல் அவருக்கு 11 வயது. அந்த வயதில் அவர் பெயரில் கிரயம் ஆகியிருந்தால் 'மைனர்' என்றும், அவருக்காக கார்டியன் (காப்பாளர்) இன்னார் என்றும் பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். நான்கு பக்கக் கடிதத்தில் சலங்கைச் சத்தம் இருக்கிறது, சித்தப்பாவின் நன்றிகெட்டதனம் இருக்கிறது. பத்திரத்தில் சலங்கையன் 'யார் மகன்' என்று எழுதியிருக்கிறது என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அங்கே இருப்பது உங்கள் தாத்தாவின் பெயரா, தாத்தாவுடைய அப்பாவின் பெயரா? வழக்கே அந்த ஒரு வரிதான்.

பட்டப்பெயரில் பத்திரம் இருப்பது பெரிய சங்கடம் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் இனிஷியலோடு ஆளைக் கேட்டால் வீடு காட்ட ஆள் கிடைக்காது, பட்டப்பெயரைச் சொன்னால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள். பத்திரம் எழுதுபவர் மரியாதைக்காகச் 'சலங்கை'யைச் 'சலங்கையன்' ஆக்கியிருப்பார். 1979 முதல் 1987 வரை யூடிஆர் (நிலப் பதிவேடுகளை அரசு புதுப்பித்த வேலை) நடந்தபோது, இது யார் காடு என்று கேட்டு ஊரார் சொன்ன பெயரையே எழுதிக்கொண்ட இடங்களும் உண்டு. பட்டா உரிமைப் பத்திரமும் அல்ல. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்ததைச் சாட்சி வைத்து நிரூபிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் சிக்கல் வேறு. இங்கே ஒரே பெயருக்கு இரண்டு ஆட்கள்.

இந்த இடத்தில்தான் கட்சிக்காரர்கள் குழியில் விழுகிறார்கள். நோட்டீஸ் கைக்கு வந்ததும் ஓடிப்போய் ஒரு நோட்டரியிடம் 'அப்பாவும் சலங்கையனும் ஒருவரே' என்று அபிடவிட் (சத்தியப் பத்திரம்) போடுவார்கள். அப்புறம் வாரிசுச் சான்றில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் ஒரு '(எ)', அதாவது 'என்கிற' என்று பட்டப்பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் வந்தார், கையில் புதுச் சான்று மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. கூண்டில் ஏறியதும் எதிர்க்கட்சி வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "இந்த (எ) நோட்டீஸ் வாங்கியதற்கு முன்பா, பின்பா?" தேதி சான்றிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மையும் எடுபடவில்லை. தகராறு கிளம்பிய பிறகு பிறந்த காகிதத்துக்கு மதிப்பு மிகக் குறைவு. தெரிந்தே பொய்யாகச் சத்தியம் செய்தால் தனியாகக் குற்ற வழக்கும் வரும்.

அதைவிட ஆழமான குழி பதில் நோட்டீஸ். பெயர் வந்த கதையை எனக்கு எழுதியதுபோலவே அதிலும் பெருமையாக எழுதிவிடாதீர்கள். 'தாத்தாவுக்கு வைத்த பெயர், பிறகு அப்பாவுக்கு ஒட்டிக்கொண்டது' என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு வாக்கியம் போனால், 1972-ல் சலங்கை யார் என்ற கேள்விக்கு நீங்களே விடை எழுதிக் கொடுத்ததாகும். அதற்காகக் கதையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. பத்திரத்தைப் படிக்கும்வரை எழுதாதீர்கள் என்கிறேன்.

தகராறுக்கு முந்தைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்: உங்கள் கடிதத்தில் வரும் இரண்டு அத்தைகளின் கல்யாணப் பத்திரிகை, கூட்டுறவுச் சங்கக் கடன் அட்டை, பழைய ரேஷன் கார்டு. கிரயப் பத்திரத்தில் சலங்கையனின் கைரேகையைத் தேடிப் பயன் இல்லை. அப்போது எழுதிக் கொடுத்தவர் ரேகை வைத்தால் போதும், வாங்குபவரின் போட்டோவும் ரேகையும் கட்டாயமானது 2001-ல்தான். ஆனால் அதே நிலத்தைச் சலங்கையன் பிறகு எப்போதாவது அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால், பதிவு அலுவலகத்தில் அவருடைய ரேகை இருக்கும். வில்லங்கச் சான்றை 1972 வரைக்கும் போட்டுப் பாருங்கள். பத்திரம் 30 வருடத்துக்கு மேல் பழையது என்பதும் முழுக்கக் கைகொடுக்காது. கையெழுத்தைக் கோர்ட் ஏற்றுக்கொள்ளலாம், அந்தப் பெயர் யாருடையது என்பதை அது சொல்லாது.

'40 வருடமாக உழுகிறோம்' என்பதையும் பெரிதாக நம்பாதீர்கள். கூட்டுச் சொத்தில் ஒருவர் உழுதால் எல்லோருக்காகவும் உழுததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உனக்குப் பங்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி விலக்கியதைக் காட்டினால்தான் கதை மாறும்.

பத்திரத்தில் 'மைனர்' என்று இருந்தால் உடனே சொல்லுங்கள், பதில் வேறு மாதிரி எழுதலாம். தாத்தாவின் அப்பா பெயர் இருந்தால் சமாதானம் பேசுங்கள். அப்போதும் சித்தப்பாவுக்குப் பாதி கிடையாது. நீங்கள் இருவருமே இரண்டு அத்தைகளை மறந்துவிட்டீர்கள். தாத்தா உயில் எழுதாமல் போயிருந்து, பாட்டியும் இல்லை என்றால், நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 17 சென்ட். அவர் கேட்கும் 34-ல் சரிபாதி. உங்கள் அப்பாவின் 17 உங்களுக்கும் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சேர்ந்தது. அத்தைகள் யாருக்குச் சாதகமாகத் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதுகிறார்களோ அவர் கை ஓங்கும். வெள்ளைத்தாளில் பங்காளிகள் கூடிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வதெல்லாம் வேண்டாம், பதிவு செய்யுங்கள்.

நோட்டீஸில் கொடுத்த கெடு முடிவதற்குள் பத்திரத்தோடு உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அதற்கு முன்னால் அத்தைகள் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், சித்தப்பா போவதற்குள்.