கொங்கர் ஆநிரையும் பொறையன் யானையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமானுக்கும் நடந்த தகடூர்ப் போரைப் பின்னணியாகக் கொண்ட தங்கள் நாவலைப் படித்து முடித்தேன். கொடுமணலில் மணி செய்யும் ஒரு குடும்பத்தின் வழியாக அந்தப் போர்க்காலத்தைக் காட்டியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து ஊர் என்பதால் கூடுதல் ஈடுபாட்டோடு படித்தேன். ஆனால் ஓர் ஐயம். அகழாய்வில் கிடைப்பவை கையால் தொட்டறியக்கூடிய சான்றுகள். சங்கப் போர்ப்பாடல்களோ பரிசில் நாடிப் பாடப்பட்டவை, மிகை நிறைந்தவை. அவற்றை எப்படி ஆதாரமாகக் கொண்டீர்கள்? இவ்வளவு தேடிப் படித்தும் நாவலில் ஒரு போர்க்களக் காட்சிகூட இல்லையே, ஏன்?

தங்கள் வாசகன்,
சென்னிமலை

அன்புள்ள நண்பருக்கு,

போர்ப்பாடல்களில் மிகை உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே பாட்டுக்குள் எல்லா வரிகளும் ஒரே அளவுக்கு மிகையாக இருப்பதில்லை. எந்த இடத்தில் புலவருக்கு மிகைப்படுத்தத் தேவை இருந்தது, எந்த இடத்தில் அந்தத் தேவையே இல்லை என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் நான் ஆய்வின் முதல் வேலையாகக் கருதுகிறேன்.

தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில் கிழார் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. அதில் 77-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொறையனின், அதாவது இரும்பொறையின், படை எவ்வளவு பெரியது என்று வழிப்போக்கர்கள் கேட்கிறார்கள். குதிரைகளும் வீரர்களும் எண்ணுதற்கு அரியவர்கள், ஆகவே நான் எண்ணவில்லை, ஆனால் பரற்கற்கள் நிறைந்த மேட்டுநிலத்தில் கொங்கரின் ஆநிரை பரந்து செல்வதைப்போல யானைகள் செல்லக் கண்டேன் என்கிறார் புலவர். அத்தனை யானைகளை நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் கல்லாங்காட்டையும் அதில் பரவி மேயும் மாடுகளையும் முழுமையாக நம்புகிறேன். அரசனின் படையைப் பெருக்கிச் சொன்னால் பரிசில் கிடைக்கும். கொங்கரின் மாட்டைப் பற்றிப் பொய் சொல்லிப் புலவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதோடு, கேட்பவர் ஏற்கெனவே கண்ணால் கண்ட பொருளாக இருந்தால்தான் உவமை எடுபடும்.

நாவலின் நிலம் முழுவதையும் அந்த உவமையிலிருந்துதான் கட்டினேன். அதற்கு முன் இன்றைய கொங்கு நாட்டில் பாதியைக் கண்ணிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது. காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது. எனவே ஈரோட்டைச் சுற்றி இன்று நாம் காணும் வாய்க்கால் பாசனப் பசுமை என் கதைமாந்தருக்குத் தெரியாது. நிலக்கடலை, மக்காச்சோளம், புகையிலை, மிளகாய் எல்லாம் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் வந்தவை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுக் காங்கயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் நின்று பார்த்தால், வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் மேயும் மாடும்தான் மிஞ்சும். அரிசில் கிழார் கண்ட நிலம் ஏறத்தாழ அதுதான்.

அகழாய்வையும் பாட்டையும் நீங்கள் எதிரெதிராக நிறுத்துகிறீர்கள். எனக்கு அவை ஒன்றின் குறையை ஒன்று நிரப்புபவை. அதே எட்டாம் பத்தின் 74-ஆம் பாட்டு ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்று, கொடுமணம் என்ற பழம்பெயரில், கொடுமணலின் நகையைச் சொல்கிறது. பாட்டில் வருவது அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்த நகை. நொய்யல் கரையில் தோண்டியபோது கிடைத்தவையோ வேலை முடியாத மணிகள், சூதுபவளம், பளிங்கு, இரும்பு உருக்கிய உலைகள், கசடு, பெயர் பொறித்த பானை ஓடுகள். பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் வெட்டி எடுக்கப்பட்டது. அரசன் கழுத்தில் கிடப்பது பாட்டிலும், அதைச் செய்தவர் அன்றாடம் புழங்கியது மண்ணிலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே உள்ள மனிதர்களை எழுதுவதுதான் நாவலின் வேலை.

இனிப் போர்க்களக் காட்சி. போரை அறிய வேண்டுமானால் களத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஔவையார் தொண்டைமானிடம் சென்றபோது பாடிய புறநானூற்று 95-ஆம் பாட்டில், அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. களத்தில் நடந்த அத்தனையும் அந்தப் பட்டறைக்குள் வந்துவிடுகிறது.

நாவலில் தம்பி புண்பட்டுத் திரும்பும் அத்தியாயத்தைப் புறநானூற்று 281-ஆம் பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். அதைப் பாடியவரும் அரிசில் கிழார்தான். யானைப்படையைப் பாடிய அதே வாய். மனையில் இரவமரத் தழையும் வேப்பந்தழையும் செருகி, யாழும் பிற கருவிகளும் ஒலிக்க, மை பூசி, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப்பண் பாடி, வீடெங்கும் நறும்புகை எழுப்பி, வேந்தனுக்கு வந்த இடரைத் தான் தாங்கியவனின் புண்ணைக் காப்போம் வா என்று ஒரு பெண் தன் தோழியை அழைக்கிறாள். அம்மை கண்ட வீட்டு வாசலில் இன்றும் வேப்பிலை செருகும் நமக்கு இதை விளங்கிக்கொள்ள உரைகூடத் தேவையில்லை.

ஆனால் மரம் ஏறித் தழை ஒடித்தது யார், இரவெல்லாம் மணி அடித்த கை சலித்தபோது யார் வந்து மாற்றிவிட்டார்கள், கடுகு தீர்ந்தபோது யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்பதெல்லாம் பாட்டில் இல்லை. எந்தக் குழியிலும் கிடைக்காது. அதை நான்தான் எழுத வேண்டும். அந்த அத்தியாயத்துக்காகத்தான் இந்த நாவலையே தொடங்கினேன்.

களத்தைத் தவிர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தகடூர்ப் போருக்கு வென்றவன் பக்கத்திலும் தோற்றவன் பக்கத்திலும் பெரும்புலவர்கள் இருந்திருக்கிறார்கள். களத்தை எழுதியிருந்தால் ஏதேனும் ஒரு வேந்தனின் தேருக்குப் பின்னால் நான் நிற்க வேண்டியிருக்கும். இந்தப் போரையே பாடுபொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்காமல், புறத்திரட்டு போன்ற தொகைகளில் சில பாடல்களாக மட்டும் எஞ்சியிருப்பது நமக்குப் பேரிழப்பு.

எட்டாம் பத்தையும், ஔவையார் அதியமானைப் பாடிய புறநானூற்று 87 முதல் 95 வரையிலான பாடல்களையும், அவன் இறந்தபின் பாடிய 235-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். நாவலில் வரும் குடும்பம் ஏன் யாருக்கும் வெற்றி வாழ்த்துச் சொல்லவில்லை என்ற கேள்வி உங்கள் மனத்தில் இருந்தால், அதற்கான விடை அங்கே இருக்கிறது.

அன்புடன்.