பரணில் கிடக்கும் கிட்டார்

கேள்வி: எனக்கு வயது 48. கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து பேண்டு வைத்திருந்தோம், நான் கிட்டார். இப்போது வங்கி வேலை. தினமும் இரவு காரைக் கீழே நிறுத்திவிட்டு, கனடாப் பாடகர் பிரையன் ஆடம்ஸின் ‘சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்’ பாட்டை அரைமணி நேரம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் மாடி ஏறுகிறேன். கண் கலங்கிவிடுகிறது. குடும்பப் பொறுப்பிலேயே இளமை போய்விட்டது. பரணில் கிடக்கும் கிட்டாரை 13 வயது மகள் கேட்டாள், பரீட்சை முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். இந்த ஏக்கத்திலிருந்து மீள்வது எப்படி?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, இந்த ஏக்கத்தைச் சொல்லி எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. உங்கள் கண்ணீரைப் பற்றிப் பேசப் போவதில்லை. மகள் கிட்டார் கேட்டாள், பரீட்சை முடியட்டும் என்றீர்கள். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்தப் பாட்டு எதில் தொடங்குகிறது? ஒரு பையன் முதல் கிட்டார் வாங்குவதில். விரலில் ரத்தம் வரும்வரை வாசிக்கிறான். நண்பர்களில் ஒருவன் விலகுவதும், இன்னொருவனுக்குக் கல்யாணமாவதும் அதற்கு அப்புறம். உங்கள் மகள் அந்த முதல் வரியில் நிற்கிறாள். நீங்கள் பரணைப் பூட்டிவிட்டுக் காரில் உட்கார்ந்து அழுகிறீர்கள்!

‘அறுபத்தொன்பதின் கோடை’ என்பதுதான் பாட்டின் தலைப்பு. அந்த 1969 கோடையில் ஆடம்ஸுக்கு 9 வயது. கூட எழுதிய ஜிம் வாலன்ஸுக்கு 17. பெரியவரும் சின்னவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் இந்தப் பாட்டு பிறந்தது. 1984இல் ‘ரெக்லெஸ்’ ஆல்பத்தில் வந்தது. நீங்கள் மட்டும் ஏன் தனியாக, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்கிறீர்கள்?

குடும்பத்தின் மேல் பழி போடுகிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிட்டாரைப் பரணில் ஏற்றச் சொன்னது குடும்பமா? அழ அரைமணி நேரம் கிடைக்கிறவருக்கு வாசிக்கக் கிடைக்காதா? மேலே சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, அதையும் நினையுங்கள். பள்ளிக் கட்டணம் கட்டியதோடு அப்பாவின் கடமை முடிந்துவிடாது. தனக்குக் கைவந்த வித்தையைப் பிள்ளை கையில் கொடுப்பதும் கடமைதான். கேட்காத பிள்ளைக்கே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் பெண் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். அந்த வயதில் இன்னொரு தடவை கேட்க மாட்டார்கள்.

பரீட்சை இருந்தால் இருக்கட்டும். இன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி இறக்குங்கள். கம்பி துருப்பிடித்திருக்கும், புது செட் சில நூறு ரூபாய்தான். ஆறு கம்பியையும் அவளையே மாட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சுருதி மட்டும் சேர்த்துக் கொடுங்கள். முதல் வாரம் இடது கை விரல் நுனியெல்லாம் எரியும். வேண்டாம் அப்பா என்று கீழே வைத்துவிடுவாள். கொஞ்சம் பொறு, தோல் காய்த்துவிட்டால் வலிக்காது என்று சொல்ல அந்த வீட்டில் உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?