படித்துக் காட்டாத தாள்

அன்புள்ள அக்காவுக்கு,

செவிலியர் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். கல்லூரி விழாவில் அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண் தலைவர் குளோரியா மொலினாவைப் பற்றிப் பேச இருக்கிறேன். மெக்சிகோ வழிவந்த கூலித் தொழிலாளியின் மகள், பத்துப் பிள்ளைகளில் மூத்தவர், சட்டமன்றம் வரை எப்படி உயர்ந்தார்? அவருடைய தலைமைப் பண்புகள் யாவை? மருத்துவத் துறையில் மக்களுக்கு நல்லது செய்யப் பதவி அவசியமா?

ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்த நேரத்தில் நான் மருத்துவமனை ஒப்புதல் படிவங்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

'தலைமைப் பண்புகள்' என்று பட்டியல் போடும் பழக்கத்தை முதலில் விட்டுவிடு. செவிலியராகப் போகிறவள் இப்படிக் கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. 1982இல் கலிபோர்னியா சட்டமன்றத்துக்கும், 1987இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றத்துக்கும், 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியை (நம் மாவட்டம் போன்றது) நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவுக்கும் தேர்வான முதல் லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண் மொலினா. இவை எங்கும் கிடைக்கும் தகவல்கள். அதற்கு முன்னால், எந்தப் பதவியும் இல்லாத காலத்தில், அவர் எந்தப் பெண்களின் பக்கம் நின்றார் என்பதை நீ கேட்கவே இல்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி மருத்துவமனையில், பிரசவத்துக்கு வந்த மெக்சிகோப் பெண்கள் பலருக்கு, ஸ்பானிஷ் மட்டுமே அறிந்தவர்களுக்கு, வலியின் நடுவே ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கி நிரந்தரக் கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள். கருக்குழாயைக் 'கட்டுவது' என்றால் பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்களும், தமக்குச் செய்யப்பட்டது இன்னதென்றே வெகுநாள் அறியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1975இல் பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தபோது, மொலினா முன்னின்று நடத்திய கோமிசியோன் ஃபெமெனில் என்ற பெண்கள் அமைப்பும் வாதியாகச் சேர்ந்தது. மாட்ரிகல் எதிர் குவில்லிகன் என்பது அவ்வழக்கின் பெயர்.

1978இல் நீதிபதி மருத்துவர்கள் பக்கமே தீர்ப்பளித்தார். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே பேச்சுத் தொடர்பு அறுந்துபோனதால் நேர்ந்தது என்றார். இந்த இடத்தை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. தொடர்பு தானாக அறுந்துபோக அது என்ன பழைய கயிறா? ஒருவர் கையில் கத்தியும் ஆங்கிலமும் இருந்தன. மற்றவர் வயிற்றில் வலி இருந்தது. புரியும்படி சொல்ல வேண்டிய கடமை யாருடையது என்பதில் என்ன ஐயம்? புரியாமல் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று கோப்பில் வைப்பது பொய் எழுதி வைப்பதுதான்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது என் அத்தையைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு படிவத்தில் கைநாட்டு வாங்கினார்கள். நீல மை ஒட்டிய கட்டைவிரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, "என்னடி எழுதியிருக்கு?" என்று கேட்டாள். இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை என்று என்னை நம்பினாள். எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை; "ஒண்ணுமில்ல அத்தை" என்று சொல்லிவிட்டேன். அவள் பிழைத்து வந்தாள், குழந்தையும் நலம். ஆனாலும் அந்தப் பதில் இன்றுவரை என்னை அறுக்கிறது.

வழக்கில் தோற்றாலும் ஸ்பானிஷ் மொழியில் படிவங்கள் வந்தன. 1909 முதல் இருந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தைக் கலிபோர்னியா 1979இல் நீக்கியது. பின்னாளில் அதே மருத்துவமனையை நிர்வகிக்கும் குழுவில் மொலினா அமர்ந்தார். 1994 நிலநடுக்கத்துக்குப் பின் அதைப் புதிதாகக் கட்டியபோது ஏழைகளுக்கு 750 படுக்கைகளாவது வேண்டும் என்று வாதாடினார்; கிடைத்தவை 600. பதவி வேண்டுமா என்ற உன் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. அந்தப் பெண்களிடம் கவுண்டிக் குழு மன்னிப்புக் கேட்டது 2018இல்; அப்போது அவர் குழுவில் இல்லை. 2023இல் மறைந்தார்.

விழாவில் பேசு. அதற்கு முன் உன் வார்டில் அறுவை சிகிச்சைக்கு வாங்கும் படிவம் எந்த மொழியில் இருக்கிறது, அதை யார் படித்துக் காட்டுகிறார்கள், எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா