பூஜு பான்டனைக் கேட்க எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

சமூக அக்கறையுள்ள ரெகே (ஜமைக்காவின் இசைவகை) பாடகர் என்கிறார்களே, எதை முதலில் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் 1995இல் வந்த 'டில் ஷைலோ'வை எடுங்கள்.

இந்த ஜமைக்காக்காரர் 1992இல் 'மிஸ்டர் மென்ஷன்' ஆல்பத்தோடு புகழ் பெற்றபோது முழுக்க 'டான்ஸ்ஹால்' எனும் ஜமைக்கா நடன இசையின் பாடகர்; கரகரத்த குரல், அதிரடித் தாளம். அதே ஆண்டில் பரவிய, ஓரினச் சேர்க்கையாளர்கள் மீது வெறுப்பை உமிழும் பாடல் அவர் பெயரில் படிந்த கறை. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

பிறகு ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமய நெறிக்கு வந்தார். சக பாடகர் பான்ஹெட் சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்தில் பிறந்தது 'டில் ஷைலோ'வில் உள்ள 'மர்டரர்' பாடல். அதே ஆல்பத்தின் 'அன்டோல்ட் ஸ்டோரீஸ்' பாடலில் பெரும்பாலும் ஒரு கிதார்தான்; அதன்மேல் அந்தக் கரகரப்பு தணிந்து, ஏழைகளின் அன்றாடத் திண்டாட்டத்தைச் சொல்கிறது. இரவில் தனியாகக் கேளுங்கள்.

அடுத்து 1997இன் 'இன்னா ஹைட்ஸ்'. கிராமி வாங்கித் தந்தது என்னவோ 2010இல் வந்த 'பிஃபோர் த டான்'. எனக்கு அது மூன்றாம் இடம்தான்.