ரூபி ரோமன் பதியனுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: கம்பம் பக்கம் 2 ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறேன். ஜப்பானின் 'ரூபி ரோமன்' ஒரு கொத்து லட்சக்கணக்கில் விலை போகிறதாமே. அதன் பதியன் தருவதாக இணையத்தில் ஒருவர் முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம் தம்பி. ரூபி ரோமன் ஜப்பானின் இஷிகாவா மாகாணத்துக்கே உரிய ரகம். அங்கே உரிமம் பெற்ற விவசாயிகளுக்கு மட்டும்தான் கன்று கிடைக்கும். வெளியே விற்கிறவரிடம் இருப்பது ஒன்று போலி, இல்லையென்றால் திருட்டு.

நீங்கள் கேள்விப்பட்ட விலை பொய்யில்லை. 2020இல் ஒரு கொத்து 13 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. ஆனால் அது பருவத்தின் முதல் ஏலம். கடைக்காரர் பெயர் எடுக்கக் கொடுக்கிற விலை. மறுவாரம் வருகிற கொத்துக்கு அதன் பக்கத்தில்கூட விலை வராது.

ரகம் பிறந்த கதையும் லேசுப்பட்டதல்ல. 1995இல் 400 விதை போட்டதில் சிவப்பாய்க் காய்த்தவை நாலே கொடிகள். அதில் ஒன்றைத் தேறவைத்துச் சந்தைக்குக் கொண்டுவர 2008 ஆகிவிட்டது. ஒரு பழம் குறைந்தது 20 கிராம், இனிப்பு 18 சதவீதம், நிறமும் தரம் பார்க்கிற நிற அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். இதில் எது தவறினாலும் அந்தப் பெயரில் விற்க முடியாது. நிறம்தான் பெரிய தலைவலி. பழுக்கும் நேரத்தில் இரவு வெக்கையாக இருந்தால் சிவப்பு ஏறாது. இஷிகாவாவிலேயே இதனால் கழிபடுவது உண்டு. உங்கள் ஊர் இரவுச் சூட்டைச் சொல்லவே வேண்டாம்.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது கைவேலையை. அங்கேயும் பந்தல்தான். பூங்கொத்தைச் சுருக்கிவிட்டு, பிஞ்சு பட்டாணி அளவாகும் முன்பே உள்நோக்கிப் போவதையும் சூம்பியதையும் நுனி மெலிந்த கத்தரியால் கழிப்பார்கள். தோல் மேல் படிந்த வெண்பூச்சு கலையாதபடி காம்பை மட்டும்தான் தொடுவார்கள். பிறகு காகித உறை. பன்னீரில் நெருக்கமான கொத்துக்குள் மழைத்தண்ணீர் தங்கி, பழம் வெடித்து அழுகுவது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு வரிசையில் மட்டும் இப்படிக் கழித்து, கூலிக் கணக்கு எழுதி, தனியாகத் தட்டில் அடுக்கி விற்றுப் பாருங்கள். மொத்த வியாபாரி எடை போட்டு எடுப்பதானால் இந்தக் கூலி கட்டாது. ஜப்பான்காரர்கள் பயன்படுத்தும் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியின் அளவை அப்படியே தெளித்துவிடாதீர்கள். அது அவர்கள் ரகத்துக்கானது. புது ரகம் வேண்டுமென்றால் ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே பார்சல் வந்திருந்தால் பிரித்து நடாதீர்கள். தெரியாத குச்சியோடு வைரஸும் வேர்ப்பேனும் உங்கள் பந்தலுக்குள் வந்துவிடும்.