அவலாஞ்சியில் பிடித்த டிரவுட் குன்னூர் வருவதற்குள் கெட்டது ஏன்?

காலையில் பிடித்த மூன்று டிரவுட் மீன்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வந்ததாகவும், மதியம் பார்த்தால் வயிறு இளகி நாற்றம் அடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். "மலையில் இவ்வளவு குளிர் இருந்துமா?" என்ற உங்கள் கேள்வியில்தான் விடை இருக்கிறது. நமக்கு நடுங்கும் 15 டிகிரி மீனுக்குக் குளிரே அல்ல. செத்த மீன் கெடாமலிருக்கப் பனிக்கட்டியின் 0 டிகிரி வேண்டும். கட்டிய பைக்குள் இருக்கும் புழுக்கம் வேறு.

டிரவுட் குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன். அதன் குடலில் உள்ள செரிமான நீர், மீன் செத்தபின் வயிற்றுச் சதையையே கரைக்கத் தொடங்கும். துடித்துத் துடித்துச் சாகவும் விடாதீர்கள், சதை சீக்கிரம் தளர்ந்துவிடும். பிடித்தவுடன் தலையில் ஓங்கி ஓர் அடி, பிறகு செவுளை வெட்டி இரத்தத்தை வடித்துவிடுங்கள். கரையிலேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிடுங்கள். உள்ளே முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். கட்டைவிரல் நகத்தால் அதை முழுவதும் வழித்தெடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், நாற்றமும் கசப்பும் அங்கிருந்தே வருகின்றன.

ஐஸ் கடை தேடி அலைய வேண்டாம். முந்தின இரவே நான்கைந்து தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து, ஐஸ்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். வயிற்றுக்குள் ஈரத்துணியைத் திணித்து, பாட்டில்களுக்கு இடையே மீனை வையுங்கள். தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் சமைத்துவிடுங்கள்.